பேண்டேஜ் சுற்றிய கயிறு

எட்வினின் காதில் அந்தச் செய்தியைப் போட்டவர் மேஸ்திரி சங்கையாதான். தறிகள் ஓடும் கூடத்துக்குள் யாரும் ரகசியம் பேச முடியாது. அதனால் சங்கையா முதலாளியின் காதருகே வந்து, ஊருக்கே கேட்கும்படி ரகசியம் சொன்னார்.

“முதலாளி, அம்மா தினம் விடிஞ்சும் விடியாம ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கம் காரை எடுத்துட்டுப் போறாகளே, அங்க யாரோ பெரிய பார்ட்டியாம்ல. நம்ம கம்பெனியில பங்கு கேக்குதாராம். டீக்கடையில பேசிக்கிடுதாக.”

“எந்தப் பார்ட்டி?”

“அது தெரிஞ்சா உங்ககிட்ட எதுக்குக் கேக்கேன்?”

எட்வினுக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும். அவன் மனைவி பரிபூரணம் போவது செண்பகத்தோப்புக்கு. பார்க்கப் போவது அணிலை. சாதாரண முதுகுக் கோடு போட்ட அணில் இல்லை. பூனை அளவு இருக்கும் சாம்பல் நிற மலை அணில். பல வருஷமாகவே ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்ததும் அவள் அங்கே போய்விடுவாள். “என் பொண்டாட்டி அணிலுக்கு வாக்கப்பட்டவ” என்று அவனே நண்பர்களிடம் கேலி செய்வான். ஆனால் இப்போது சில மாதங்களாக ஞாயிறு என்றில்லாமல் தினமும் போகிறாள். ஏன் என்று அவன் கேட்டதில்லை. கேட்க அவனுக்கு நேரம் இருந்ததில்லை.

சங்கையா சொன்னதும், சிரிப்புக்குப் பதில் சந்தேகம்தான் வந்தது.

வெள்ளிக்கிழமை மதுரையிலிருந்து சௌந்தரபாண்டியன் வருகிறார். ராஜபாளையம் சத்திரப்பட்டி ரோட்டில் இருக்கும் இந்தக் கம்பெனியைப் புருஷனும் பொண்டாட்டியுமாகக் கல்யாணமான மறுவருஷம் நாலு தறியோடு தொடங்கினார்கள். காயத்துக்குக் கட்டுகிற காஸ் துணி நெய்கிறார்கள். இப்போது வெளிநாட்டு ஆஸ்பத்திரிகள் கேட்கின்றன. அவர்களுக்கு வெறும் துணி போதாது. கிருமி நீக்கி, பொட்டலம் போட்டுத் தரவேண்டும். அதற்குப் புதிய யூனிட் கட்டவேண்டும். கட்டப் பணம் தருகிறேன் என்கிறார் சௌந்தரபாண்டியன். பதிலுக்குக் கம்பெனியில் பாதிக்கு மேல் கேட்கிறார். பாதிக்கு மேல் போய்விட்டால் எதை நெய்வது, எங்கே நெய்வது, சங்கையாவை வைத்துக்கொள்வதா அனுப்புவதா, எல்லாம் அவர் சொல்தான். ஆலையை மதுரைப் பக்கம் மாற்றினால்கூட யாரும் ஏன் என்று கேட்க முடியாது.

அது தெரிந்தும் எட்வின் கையெழுத்துப் போடத் தயாராக இருந்தான். அவர் போய்விட்டால் என்ன ஆகும் என்ற பயம் அவனுக்கு. கம்பெனி வளராமல் நின்றுவிட்டால் தானும் நின்றுவிடுவோம் என்று நினைத்தான். கொடைக்கானலுக்குத் தேனிலவு போனபோது ஓட்டல் மெத்தை விரிப்பின் ஓரத்தைத் திருப்பி வைத்து இழை எண்ணியவன் அவன். பரிபூரணம் இன்றைக்கும் அதைச் சொல்லிக் காட்டுவாள்.

அன்று ராத்திரி சாப்பாட்டின்போது சொன்னான்: “நாளைக்கு நானும் வாரேன்.”

“எங்க?”

“அணில் பாக்க.”

பரிபூரணம் தோசைக்கரண்டியைக் கீழே வைத்துவிட்டு வந்து அவன் நெற்றியில் புறங்கையை வைத்துப் பார்த்தாள். “காய்ச்சல் ஒண்ணும் இல்லியே.”

“ஏட்டி, வாரேன்னா வாரேன்.”

“வாங்க. ஆனா வாய் பேசக் கூடாது. போனை நான் வாங்கி வெச்சுக்கிடுவேன். சம்மதமா?”

சம்மதம் என்றான். உள்ளுக்குள் வேறு கணக்கு ஓடிக்கொண்டிருந்தது. அங்கே யாராவது வந்தால் பார்த்துவிடலாமே.

*

யாரும் வரவில்லை.

மலையடிவாரத்தில் ஆனந்தவல்லி என்பவரின் மாந்தோப்பு. பரிபூரணத்துக்குப் பழக்கமான அம்மாள். கேட்டைத் திறந்து வைத்துவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போய்விட்டார். மாசி மாதம். மாமரமெல்லாம் பூத்து, காற்றே இனிப்பும் புளிப்புமாக இருந்தது. தோப்பின் நடுவே ஒரு பெரிய புளியமரம் வேரோடு சாய்ந்து கிடந்தது. ஐப்பசிக் காற்றில் விழுந்ததாம். அது நின்ற இடத்துக்கு மேலே வெறும் வானம்.

பரிபூரணம் போனை வாங்கி டிபன் பைக்குள் போட்டாள். உதிர்ந்த இலைமேல் துண்டை விரித்து, மேலே பார் என்று கண்ணால் காட்டினாள்.

இந்தப் பக்கத்து மாமரத்திலிருந்து அந்தப் பக்கத்து மருதமரத்துக்கு, புளியமரம் விட்டுப்போன வெற்றிடத்தின் குறுக்கே, ஒரு கயிறு போயிருந்தது. தேங்காய் நார்க்கயிறு. அதன்மேல் நெடுக ஏதோ சுற்றியிருந்தது. எட்வின் கண்ணைச் சுருக்கிப் பார்த்தான். வெளுக்காத காஸ் துணி. அவன் தறியில் நெய்து, ஓரம் பிசகியதால் ஒதுக்கி வைத்த துணி.

“இந்த அணிலு தரையில எறங்காது,” அவன் காதோரம் கிசுகிசுத்தாள். “மரத்து மேலேயே போகும், மேலேயே வரும். புளி விழுந்ததும் வழி போச்சு. அதான் மரம் ஏறுற ஆளை விட்டுக் கட்டச் சொன்னேன். வெறுங்கயிறுன்னா நகம் வழுக்கும்னு நம்ம துணியைச் சுத்துனேன்.”

“ஏறுதா?”

“இன்னும் இல்ல. ஓரத்துக்கு வரும், மோந்து பாக்கும், போயிடும்.”

“ஐப்பசியில இருந்தா?”

“பேசாம இருங்க.”

பேசாமல் இருப்பது எட்வினுக்குத் தெரியாத வேலை. முதலில் கால் மரத்தது. பிறகு எறும்பு கடித்தது. வெள்ளிக்கிழமை, சௌந்தரபாண்டியன், யூனிட், கையெழுத்து என்று மனசு ராட்டினம் சுற்றியது. பக்கத்தில் மனைவியைப் பார்த்தான். அவள் மூச்சு விடுவதே தெரியவில்லை. முகத்தில் எந்த அவசரமும் இல்லை. இவளை இப்படிப் பார்த்து எத்தனை காலம் ஆயிற்று என்று யோசித்தான். பார்த்ததே இல்லையோ என்றும் தோன்றியது.

அப்போது மாமரத்தின் உச்சியில் இலைக்கூடு ஒன்று அசைந்தது.

முதலில் வால்தான் வந்தது. சாம்பல் பூத்த, புகை போல நீண்ட வால். அதன் பிறகு உடம்பு. அது கிளை ஓரத்துக்கு வந்தபோது வாயில் எதையோ கவ்வியிருந்தது. பழந்துணிச் சுருள் என்று நினைத்தான்.

“குட்டி,” என்றாள் பரிபூரணம். அவள் விரல்கள் அவன் மணிக்கட்டை இறுக்கின. “குரங்குக் கூட்டம் இந்தப் பக்கம் வந்துட்டு. அதான் குட்டியை எடம் மாத்தப் பாக்கு.”

தாய் அணில் முன்காலைக் கயிற்றில் வைத்தது. கயிறு ஆடியது. காலை எடுத்துக்கொண்டது. கூட்டுக்குத் திரும்பிப் போனது. மறுபடி வந்தது. குட்டி அதன் கழுத்தைச் சுற்றி வளைந்து, காலும் வாலும் ஒரு பந்தாகத் தொங்கியது. கீழே மூன்று மாடி ஆழம். மறுபடி கால் வைத்தது, மறுபடி எடுத்தது. எட்வின் தன் பற்களைக் கடித்திருப்பதை அறியாமல் இருந்தான். போ, போ என்று உள்ளுக்குள் தள்ளினான். ஆனால் அந்த அணிலை யாரும் தள்ள முடியாது. அதற்கு எப்போது தோன்றுகிறதோ அப்போதுதான்.

தோன்றியது.

நாலு காலும் கயிற்றுக்கு வந்துவிட்டன. கயிறு வளைந்து தாழ்ந்தது. வால் இந்தப் பக்கம் ஒருமுறை, அந்தப் பக்கம் ஒருமுறை தராசு முள்போல ஆடி நின்றது. நகங்கள் காஸ் துணியின் கண்களுக்குள் இறங்கிப் பிடித்தன. ஒவ்வொரு கண்ணும் அவனுக்குத் தெரியும். எத்தனை இழை நெடுக்கில், எத்தனை இழை குறுக்கில் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வான். மீட்டர் மீட்டராக விற்றிருக்கிறான். யாரோ முகம் தெரியாதவர்களின் காயத்துக்குப் போயிருக்கிறது. அந்தத் துணியின் மேல் ஒரு தாய் தன் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வானத்தைக் கடந்துபோகிறாள். அதை அவன் பார்த்துக்கொண்டிருந்தான். கிழக்கே எழுந்த வெயில் அந்த வாலின் ஒவ்வொரு மயிரையும் தனித்தனியாகக் கொளுத்திக் காட்டியது.

மருதமரத்து இலைகள் மூடிக்கொண்டன. அணில் போய்விட்டது.

இருவரும் அப்படியே இருந்தார்கள். பரிபூரணத்தின் கன்னம் நனைந்திருந்தது. தன் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தான், அதுவும் நனைந்திருந்தது. தோப்பில் ஏதோ குருவி கத்தியது. பக்கத்துக் கிணற்று மோட்டார் ஓடத் தொடங்கியது. உலகம் இவ்வளவு நேரமும் இங்கேதான் இருந்திருக்கிறது.

செத்த நேரம் கழித்துத்தான் அவனுக்கு உறைத்தது. அவன் இவ்வளவு நேரம் கம்பெனியை நினைக்கவே இல்லை. தொடங்கிய நாளிலிருந்து இப்படி ஒரு காலைப்பொழுது இருந்ததில்லை.

“பூரணம்.”

“ம்.”

“ஊர்ல நீ வேற பார்ட்டிகிட்ட பேசுதேன்னு சொல்லுதாங்க.”

அவள் சிரித்துவிட்டாள். “அதுக்குத்தான் வந்தீகளா? பார்ட்டியைப் பாத்தாச்சா?”

“பாத்தேன்,” என்றான். “பெரிய பார்ட்டிதான்.”

டிபன் பைக்குள் இட்லி இருந்தது. அவனுக்குப் பயங்கரமாகப் பசித்தது. சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது அவள் சொன்னாள்:

“நான் ஒண்ணு சொன்னா கோவிக்கக் கூடாது. கம்பெனி எனக்கும் பிள்ளை மாதிரிதான். ஆனா அது இல்லேன்னா நான் யாருன்னு எனக்குத் தெரியும். காலையில எந்திரிச்சு இங்க வந்துருவேன். உங்களுக்கு அது இல்லேன்னா ஒண்ணுமே இல்ல. சௌந்தரபாண்டியன் சார் அதைக் கண்டுக்கிட்டாரு. உங்க மொகத்தைப் பாத்தே ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கொஞ்சமாக் கூட்டிக் கேக்குதாரு.”

எட்வின் கோபப்படவில்லை. இன்னொரு இட்லி கேட்டான்.

*

வெள்ளிக்கிழமை சௌந்தரபாண்டியன் வந்தார். வெள்ளைச் சட்டை கசங்காமல் காரிலிருந்து இறங்கக் கூடியவர். எழுதி வைத்துப் படிப்பதுபோல் திருத்தமாகப் பேசுவார். மருத்துவச் சாமான் செய்யும் கம்பெனிகளாகப் பார்த்துப் பணம் போட்டு, நன்றாகவே சம்பாதித்திருந்தார். ஆனால் அன்று உட்கார்ந்தவர் வழக்கம்போல் தொடங்கவில்லை. காப்பியைக் கலக்கிக்கொண்டே இருந்தார்.

“எட்வின் சார், நான் யோசித்துப் பார்த்தேன். பாதிக்கு மேல் வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்கவில்லை. சரிபாதியாக வைத்துக்கொள்வோம்.”

எட்வினுக்கு நெஞ்சு துள்ளியது. கதவோரம் தண்ணீர் பாட்டில் வைக்க வந்த சங்கையா அங்கேயே நின்றுகொண்டார்.

“உங்களுக்கு வேறு வாய்ப்பும் இருப்பதாகக் கேள்விப்பட்டேன்,” என்றார் சௌந்தரபாண்டியன். “ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கம். தவறில்லை. வியாபாரம் என்றால் நாலு இடம் பார்க்கத்தான் வேண்டும்.”

டீக்கடைப் பேச்சு மதுரை வரை போயிருக்கிறது. எட்வின் மேசைக்கு அடியில் மனைவியின் பாதத்தைத் தன் பாதத்தால் அமுக்கினான். சும்மா இரு என்று அர்த்தம். நாம் எதுவும் பொய் சொல்ல வேண்டாம்; சும்மா இருந்தாலே போதும்.

பரிபூரணம் பாதத்தை உருவிக்கொண்டாள்.

“அப்படி யாரும் இல்ல சார். நான் அங்க அணில் பாக்கப் போறேன்.”

சங்கையா பாட்டிலை வைக்க மறந்தார். சௌந்தரபாண்டியன் புன்னகை செய்தார். “அணில்.”

“மலை அணில். வேற கம்பெனியும் இல்ல, வேற ஆளும் இல்ல. உங்களுக்கு யாராவது அப்படிச் சொல்லியிருந்தா, அது நெசம் இல்ல. அதை வெச்சு நீங்க விட்டுக் கொடுக்க வேண்டாம்.”

“அப்படியென்றால் பழைய பேச்சுக்கே போய்விடலாமா மேடம்?”

“பழைய பேச்சும் எங்களுக்குச் சரிப்படாது. பாதிக்குக் கீழதான் தர முடியும். பொறவு, ஒப்பந்தத்துல ஒரு விதி இருக்கு. முதலாளிமார் ரெண்டு பேரும் முழு நேரத்தையும் கம்பெனிக்கே தரணும், வேற எந்த ஈடுபாடும் கூடாதுன்னு. அதை எடுத்துருங்க.”

“வேறு ஆள் இல்லை என்றும் நீங்களே சொல்கிறீர்கள். இன்னும் குறைக்கவும் சொல்கிறீர்கள்.”

“வேற ஆள் இல்லேங்கிறதால எங்க கம்பெனி சின்னதாப் போயிருமா சார்?”

சௌந்தரபாண்டியன் காப்பிக் கரண்டியைக் கீழே வைத்தார். அவர் பார்வை மெதுவாக எட்வின் பக்கம் திரும்பியது. இது வழக்கம்தான். ஒவ்வொரு முறையும் இப்படித்தான் திரும்பும். திரும்பியதும் எட்வின் ஏதாவது பேசுவான். பேசப் பேச ஏதாவது விட்டுக்கொடுப்பான். அந்த மௌனத்தை நிரப்பாவிட்டால் எல்லாம் கைவிட்டுப் போய்விடும்போல் அவனுக்கு இருக்கும்.

இன்றும் வாய் திறக்கத்தான் வந்தது. நாக்கு நுனி வரை வந்தது. அப்போது கிளை ஓரத்தில் கால் வைத்துப் பார்த்து, எடுத்துக்கொண்டு, திரும்பிப் போன அந்த அணில் மனசில் வந்து நின்றது. அது யாருடைய அவசரத்துக்கும் ஏறவில்லை. கீழே அவன் எவ்வளவு தவித்தும் ஏறவில்லை.

அவன் வாயை மூடிக்கொண்டான். மின்விசிறி சுற்றியது. சுவருக்கு அப்பால் தறிகள் ஓடின. காப்பியில் ஆடை கட்டியது. அவன் காத்திருந்தான். காத்திருக்கக் காத்திருக்க, உள்ளே இறுகியிருந்த ஒன்று தளர்ந்தது. இவர் எழுந்து போய்விட்டால்? போகட்டுமே. நாளைக்கும் விடியும். மாமரம் பூத்திருக்கும்.

“சார்,” என்றான் கடைசியில், தனக்கே வியப்பாக இருந்த ஒரு நிதானத்தோடு. “அவ சொல்றதுதான் என் பேச்சும். உங்களுக்குத் தோதுப்படலேன்னா வருத்தம் இல்ல. புது யூனிட்டைச் சின்னதா, எங்க சக்திக்கு ஏத்த மாதிரி மெதுவாக் கட்டிக்கிடுதோம்.”

சொன்ன பிறகுதான், அது பேரம் இல்லை, உண்மை என்று அவனுக்கே தெரிந்தது. பரிபூரணம் அவனைத் திரும்பிப் பார்த்தாள். கல்யாணத்தன்று மோதிரம் மாற்றும்போது பார்த்த பார்வை அது. மேசைக்கு அடியில் அவள் பாதம் அவன் பாதத்தின் மேல் வந்து உட்கார்ந்துகொண்டது.

சௌந்தரபாண்டியன் எழுந்தார். கைகூப்பினார். வாசல் வரை போய்விட்டார். சங்கையாவின் முகம் வெளுத்துவிட்டது. சௌந்தரபாண்டியன் வாசலில் நின்று திரும்பினார்.

“உண்மையிலேயே அணில்தானா?”

“வந்து பாருங்களேன்,” என்றாள் பரிபூரணம்.

*

மத்தியான நேரம் அணில் பார்க்க ஏற்றதல்ல. கிளம்பும்போதே பரிபூரணம் அதைச் சொன்னாள். சௌந்தரபாண்டியன் கேட்கவில்லை. சட்டை கசங்குமே என்று பார்க்காமல் சருகின் மேல் உட்கார்ந்தார். அவள் போனைக் கேட்டதும், தன்னிடமிருந்த இரண்டையும் மறுபேச்சில்லாமல் கொடுத்தார்.

“அந்தக் கயிறுதான்,” என்று எட்வின் காட்டினான். போன வாரம் வரை அணில் பார்க்காதவன், இன்று ஊர் சுற்றிக் காட்டும் பெருமையோடு காட்டினான். “நம்ம துணி சுத்துனது. ஐப்பசியில கட்டுனா. இந்த வாரம்தான் ஏறிச்சு.”

“ஐப்பசியிலிருந்து தினமும் வந்தீர்களா மேடம்?”

“தீபாவளிக்கு அடுத்த வாரத்துல இருந்து. மழை நாள்ல வரல.”

“ஏறாமலே போயிருந்தால்?”

“வேற மாதிரி கட்டிப் பாத்திருப்பேன்.”

அவர் கயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கயிறு முடியும் மருதமரத்தை. அங்கே புதுக்கூட்டிலிருந்து சாம்பல் நிற வால் மட்டும் கீழே தொங்கியது. தாய் மத்தியான உறக்கத்தில் இருந்தது. காற்று வந்தால் வால் அசையும், நின்றால் நின்றுவிடும். அவ்வளவுதான். வேறொன்றும் நடக்கவில்லை.

நேரம் போனது. எட்வினுக்கு எறும்பு கடித்தது, பொறுத்துக்கொண்டான்.

“வெளிநாட்டுக்காரன் ஒரு துணிக்கு அனுமதி கொடுக்க வருஷக்கணக்கில் இழுப்பான்,” சௌந்தரபாண்டியன் வாலிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார். “பணம் போட்ட இடத்தில் எல்லாம் முதலாளிகள் பாதியில் கை நடுங்கி எதையாவது செய்து கெடுத்துவிடுகிறார்கள். அதனால்தான் நான் பாதிக்கு மேல் கேட்பது. அவர்கள் கையைப் பிடித்துக்கொள்ளத்தான்.” சற்று நிறுத்தினார். “உங்கள் கையைப் பிடிக்க வேண்டியதில்லை. நூற்றுக்கு நாற்பது பங்கு எனக்குப் போதும். அந்த விதியையும் எடுத்துவிடச் சொல்கிறேன்.”

எட்வின் மனைவியைப் பார்த்தான். அவள் உதட்டில் விரலை வைத்தாள். சம்மதம் என்பதற்கா, பேசாதே என்பதற்கா என்று அவன் யோசிப்பதற்குள், மேலே கூடு அசைந்தது.

தொங்கிய வாலின் பக்கத்தில், இலைகளை விலக்கிக்கொண்டு, ஒரு சின்ன முகம் வந்தது. ரோஜா நிற மூக்கு. மிளகு போல இரண்டு கண். குட்டி முதல் தடவையாக உலகத்தை எட்டிப் பார்த்தது. கீழே வாயைப் பிளந்து உட்கார்ந்திருந்த மூன்று பெரிய பிராணிகளையும் பார்த்தது. பயப்படவில்லை. தாயின் வாலைப் பிடித்து, அதிலேயே தொங்கி, தலைகீழாகப் பார்த்தது.

“ஏலே யப்பா,” என்றார் சௌந்தரபாண்டியன். அவருடைய திருத்தமான பேச்செல்லாம் எங்கேயோ போய்விட்டது. பிறந்த ஊர்க் குரல் அப்படியே வந்துவிட்டது. “எம்புட்டுச் சின்னக் கையி, பாத்தியாலே.”

எட்வினிடம்தான் சொன்னார். எட்வினும் “பாத்தேன்ணே” என்றான்.

டிபன் பைக்குள் யாருடைய போனோ அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. மூன்று பேரில் ஒருவரும் திரும்பவில்லை.